ரொசேசியாவுக்கு டொக்ஸிசைக்கிளின்: எப்படி விழுங்குவது, எதைத் தள்ளி வைப்பது, எப்போது பயப்பட வேண்டும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன் தங்கச்சி, இதே குழப்பத்தில் இருக்கும் வேறு யாராவது வாசித்தாலும் விளங்கும். உங்களுக்கு வயது 36. கன்னத்திலும் மூக்கிலும் சிவப்பும் சின்னச் சின்னப் பருக்களும் வருடக்கணக்காக வந்து போகின்றன. வெயிலில் நடந்தாலும் அடுப்படியில் நின்றாலும் முகம் காந்துகிறது. வெள்ளவத்தையில் சனல் பண்ணி (தனியார் இடத்தில் பதிவு செய்து) பார்த்த தோல் வைத்திய நிபுணர் இது ரொசேசியா என்று சொல்லி, டொக்ஸிசைக்கிளின் 100 மில்லிகிராம் கப்சூல் நாளுக்கு ஒன்று, ஆறு கிழமைக்கு எழுதித் தந்திருக்கிறார். உங்கள் மாமி "அது எலிக்காய்ச்சல் குளிசை, வயிற்றைப் புண்ணாக்கிப் போடும்" என்கிறார். நீங்கள் ஏற்கெனவே இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும் எடுக்கிறீர்கள். கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறீர்கள். மறக்காமல் இருக்க இரவு படுக்கும்போது போடலாமா, முகம் தெளிந்ததும் நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: முன்பு சலூனில் வாங்கிய ஒரு கிரீம் பூசி வந்ததாக. அந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் மருந்தாளர். இது ரொசேசியாதானா என்று முடிவு செய்வது வைத்தியரின் வேலை, அதை அவர் செய்துவிட்டார். எழுதித் தந்த மருந்தைக் கேடு வராமல் எடுப்பது எப்படி என்பதைத்தான் நான் சொல்ல முடியும். டொக்ஸிசைக்கிளின் பொதுவாகப் பாதுகாப்பான, பழகிய மருந்து. அதனால் வரும் தொல்லைகளில் பெரும்பங்கு விழுங்கும் விதத்தாலும், கூடவே எடுக்கும் மற்றக் குளிசைகளாலும், வெயிலாலும் வருவதுதான். மூன்றையும் நம் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இரவு படுக்கும்போது போடவே வேண்டாம். டொக்ஸிசைக்கிளின் கப்சூலுக்குள் இருக்கும் தூள், குறிப்பாக ஹைக்லேட் என்ற வகை, ஈரம் பட்டால் நல்ல அமிலமாகிவிடும். இரண்டு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்தால் கப்சூல் வயிற்றுக்குப் போய்ச் சேராது. நெஞ்சுக்கு நடுவே, உணவுக்குழாய் கொஞ்சம் ஒடுங்கும் இடத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரையும். தூக்கத்தில் எச்சில் விழுங்குவதும் குறைவு என்பதால் கழுவிக்கொண்டு போக எதுவும் இல்லை. விடியும்போது தண்ணீர் விழுங்கினால்கூட நெஞ்சுக்குள் கத்தி வைத்ததுபோல வலிக்கும். பலர் இதை மாரடைப்பு என்று பயந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுவதும் உண்டு. உங்கள் மாமி சொல்லும் புண் பொய்யில்லை. ஆனால் அது பெரும்பாலும் வயிற்றில் வருவதில்லை, வழியில் வருகிறது, அதைத் தடுக்கவும் முடியும்.

ஆகவே காலையில் எடுங்கள். நின்றுகொண்டோ நிமிர்ந்து உட்கார்ந்தோ முதலில் ஒரு மிடறு தண்ணீர் குடித்துத் தொண்டையை நனையுங்கள். பிறகு கப்சூல். பிறகு ஒரு முழு கிளாஸ் வெறும் தண்ணீர், 200 மில்லிலீற்றருக்குக் குறையாமல். அதற்குப் பிறகு குறைந்தது அரை மணித்தியாலம், முடிந்தால் ஒரு மணித்தியாலம், சாயக்கூடாது. வேலைக்குப் போகிறவருக்கு இது தானாகவே நடக்கும். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும்தான் ஆபத்தான நாட்கள்: எழும்பிக் குளிசையைப் போட்டுவிட்டு மறுபடி கட்டிலுக்குப் போகிற நாட்கள் அவை. கப்சூலை உடைத்துத் தூளைத் தேனிலோ தண்ணீரிலோ கலக்கவும் வேண்டாம், விழுங்கக் கஷ்டமாக இருந்தால் வைத்தியரிடம் சொல்லி வேறு வடிவம் கேளுங்கள்.

வெறும் வயிற்றிலா, சாப்பிட்டா? இதில் இரண்டு வகையான பதில் கேள்விப்பட்டிருப்பீர்கள், இரண்டிலும் உண்மை இருக்கிறது. ரொசேசியாவுக்கென்றே செய்யப்பட்ட 40 மில்லிகிராம் கப்சூல் ஒன்று வெளிநாடுகளில் இருக்கிறது. உடனே கரையும் 30 மில்லிகிராமும் மெதுவாகக் கரையும் 10 மில்லிகிராமும் அதில் சேர்ந்திருக்கும். 2006இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அதை அனுமதித்தது. இணையத்தில் வெறும் வயிற்றில் எடு, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு எடு என்று வருவதெல்லாம் பெரும்பாலும் அதைப் பற்றியது. உங்களிடம் இருப்பது சாதாரண 100 மில்லிகிராம் கப்சூல். இதைச் சாப்பாட்டோடு எடுக்கலாம், குமட்டலும் குறையும். 40 இல்லையே என்று 100ஐத் திறந்து பாதியாக்கப் பார்க்காதீர்கள். மெதுவாகக் கரையும் அமைப்பு இதில் கிடையாது, அளவும் சரியாக வராது.

சாப்பாடு பரவாயில்லை, பால்தான் சிக்கல். டொக்ஸிசைக்கிளின் கல்சியம், இரும்பு, மக்னீசியம், அலுமினியம், நாகம் (சிங்க்) இவற்றோடு குடலுக்குள் இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டது உடம்பில் உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். பாலில் இந்தப் பாதிப்பு ஓரளவுதான், சுமார் ஐந்தில் ஒரு பங்கு மருந்து குறையலாம். ஆனால் தினமும் ஒரு பெரிய கோப்பை பால்தேத்தண்ணியோடு விழுங்கினால் ஆறு கிழமையும் குறைந்த அளவிலேயே போகும். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுத் தண்ணீரோடு கப்சூலைப் போடலாம். தேங்காய்ப்பாலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் கல்சியம் மிகக் குறைவு. பால்தேத்தண்ணியையும் தயிரையும் இரண்டு மணித்தியாலம் தள்ளி வையுங்கள். தேத்தண்ணியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது ரொசேசியாவையே கிளப்பும் என்பதால், ஆறவிட்டுக் குடிக்கும் பழக்கமும் கூடவே வந்தால் நல்லது.

இரும்புச்சத்துதான் இங்கே பெரிய வில்லன். கல்சியத்தையும் நெஞ்செரிவுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தையும் இரண்டு மூன்று மணித்தியாலம் தள்ளினால் போதும். இரும்பு அப்படியில்லை. டொக்ஸிசைக்கிளினின் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்த பிறகும் பித்தத்தோடு குடலுக்குத் திரும்பி வந்து மறுபடி உறிஞ்சப்படுகிறது. அந்த நேரம் குடலில் இரும்பு இருந்தால் அங்கேயும் பிடித்துவிடும். அதனால் காலையில் டொக்ஸிசைக்கிளின், இரவில் இரும்பு என்று முடிந்தவரை தூரத்தில் வைக்க வேண்டும். அதைவிட நல்லது, உங்களுக்கு இரும்பு இப்போது அவசியமா, ஆறு கிழமை ஒத்திவைக்க முடியுமா என்று அதை எழுதிய வைத்தியரிடமே கேட்பது. இரத்தக்குறைவு கடுமையாக இருந்தால் ஒத்திவைக்கச் சொல்ல மாட்டார், நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. மல்டிவிட்டமின் குளிசைகளுக்குள்ளும் இரும்பும் நாகமும் ஒளிந்திருக்கும், லேபிளைப் பாருங்கள். நெஞ்செரிவுக்கு ஒமெப்ரசோல் எடுப்பவர்களுக்கு இந்தப் பிடித்துக்கொள்ளும் தொல்லை இல்லை.

சரி, எலிக்காய்ச்சல் குளிசை என்ற பேச்சு. மாமி சொல்வது உண்மைதான், இரண்டும் ஒரே மருந்து. இரத்தினபுரி, களுத்துறைப் பக்கம் வயலில் இறங்குகிறவர்களுக்குக் காய்ச்சல் வராமல் தடுக்கக் கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் கொடுப்பார்கள். அங்கே அது கிருமியைக் கொல்லும் வேலை செய்கிறது. உங்கள் முகத்தில் அது செய்வது வேறு வேலை. ரொசேசியா உள்ள தோலில் அழற்சியைத் தூண்டும் சில புரதங்களும் நொதிகளும் அளவுக்கு மிஞ்சி வேலை செய்கின்றன. டொக்ஸிசைக்கிளின் அந்த நொதிகளை அடக்குகிறது. அதனால்தான் கிருமியைக் கொல்லப் போதாத 40 மில்லிகிராமிலேயே ரொசேசியாப் பருக்கள் குறைகின்றன. ஆனால் 100 மில்லிகிராம் கிருமிகளையும் தொடும். குடலிலும் தோலிலும் இருக்கும் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் அபாயம் அந்த அளவில் இருக்கிறது. "முகத்துக்குத்தானே" என்று பழைய சிட்டையைக் காட்டிக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடக்கூடாது என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். வீட்டில் வேறு யாருக்கோ கொடுத்து மிஞ்சிய கப்சூல்களையும் தொடாதீர்கள். திகதி முடிந்து பழுதான டெற்றாசைக்கிளின் வகை மருந்து (டொக்ஸிசைக்கிளினும் அந்த வகைதான்) சிறுநீரகத்தைக் கெடுத்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன.

இனி வெயில். டொக்ஸிசைக்கிளின் எடுக்கும்போது தோல் வெயிலுக்கு வழமையைவிடச் சீக்கிரம் எரியும், அளவு கூடக்கூட அதுவும் கூடும். கொழும்பு பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகைதான் வடக்கே. ஏப்ரல் முற்பகுதியிலும், ஓகஸ்ட் கடைசி செப்டெம்பர் தொடக்கத்திலும் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக்கதிர் இறங்கும். பஸ்ஸில் போகிறவருக்கு ஒன்று முக்கியம்: இந்த மருந்தோடு தோலை எரிக்கும் யூவீஏ கதிர் கண்ணாடி வழியாகவும் வரும். காலி வீதியில் காலையில் கோட்டைக்குப் போகும்போது உங்கள் வலது கை, வலது கன்னம் பக்கம் வெயில் விழும், ஏனென்றால் பஸ் வடக்கே போகிறது, சூரியன் கிழக்கே. இடப்பக்கம், கடல் பக்கத்து இருக்கை கிடைத்தால் அதில் உட்காருங்கள். பின்னேரம் திரும்பும்போது கடல் பக்கத்தில் இருந்து வெயில் வரும், அப்போது பஸ்ஸின் வலப்பக்கம் கடல். அதனால் போகும்போதும் வரும்போதும் இடப்பக்க இருக்கைதான் நிழல்.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், யூவீஏவையும் மறைக்கும் என்று எழுதியதாகப் பாருங்கள். ரொசேசியாத் தோலுக்கு சிங்க் ஒக்சைட், டைட்டானியம் டையொக்சைட் உள்ளவை பெரும்பாலும் எரியாது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசுங்கள். நம் ஆட்கள் ஒரு பொட்டளவு தேய்த்துவிட்டுப் பூசியாயிற்று என்பார்கள், அது போதாது. குடையை மழைக்கு மட்டும் வைத்திருக்காதீர்கள். ஆடிவேல் பார்க்கத் தேர் பின்னால் பம்பலப்பிட்டி வரை நடக்கிற எண்ணம் இருந்தால், இந்த ஆறு கிழமைக்குள் அது வந்தால், வெயில் இறங்கிய பிறகு போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். நகத்தின் நுனி விரலை விட்டுக் கிளம்பி நோவதும் இந்த மருந்தும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை. அரிதுதான், ஆனால் நடந்தால் பங்கஸ் என்று நினைத்து எதையாவது பூச வேண்டாம்.

இப்போது அந்தச் சலூன் கிரீம். பெயரில்லாத டப்பாவில், அல்லது வெள்ளையாக்கும் என்று சொல்லி விற்கப்படும் கிரீம்கள் பலவற்றில் பீட்டாமெதசோன், க்ளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொயிட் கலந்திருக்கும். பூசின சில நாட்களில் முகம் பளிச்சென்று ஆகும், பருக்கள் அடங்கும். மாதங்கள் போனால் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் வெடித்து, ரொசேசியா போலவே ஆகிவிடும். ஏற்கெனவே ரொசேசியா இருந்தால் இன்னும் மோசமாகும். நிறுத்தினால் சில கிழமைகளுக்கு முகம் முன்பைவிடக் கொதிக்கும், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பூசுவார்கள், இப்படியே சுற்றிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அந்தக் கிரீமை நிறுத்திய அதே கிழமையில் டொக்ஸிசைக்கிளினைத் தொடங்கியிருந்தால், முகம் கிளம்புவதைக் கண்டு "குளிசை ஒத்துவரவில்லை" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அது மருந்தின் தவறாக இருக்காது. எவ்வளவு காலம் பூசினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள், டப்பா இருந்தால் கையோடு கொண்டு போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் ஊரில் எத்தனையோ பெண்பிள்ளைகளின் முகத்தை இந்தக் கிரீம்கள் கெடுத்திருக்கின்றன, விற்றவர்களுக்குத்தான் வெட்கம் வர வேண்டும்.

நம் நிறத்தில் ரொசேசியாவின் சிவப்பு லேசில் தெரியாது, கபில நிறமாக அல்லது கருமையாகத் தெரியும். எரிச்சலும் குத்தலும்தான் முந்தி வரும். அதனால்தான் வருடக்கணக்காகப் பருவென்று நினைத்து வைத்தியம் பார்ப்பது. கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தல், அடிக்கடி கண்கட்டி இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், ரொசேசியா கண்ணிலும் வரும்.

கர்ப்பம். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், முயற்சி செய்துகொண்டிருந்தால், முதல் கப்சூலுக்கு முன்பே சொல்ல வேண்டும். கர்ப்பத்தின் பிற்பாதியில் இது குழந்தையின் எலும்பிலும் உருவாகும் பல்லிலும் படிந்து நிரந்தரக் கறையை உண்டாக்கும். பால் கொடுக்கும் தாய்மார் கிழமைக்கணக்கில் எடுப்பதையும் பொதுவாகத் தவிர்ப்பார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், அடுப்படித் தட்டில் ஆவி படும் இடத்தில் வேண்டாம். கர்ப்பத்தடைக் குளிசை எடுப்பவர்கள் அதைத் தொடரலாம், இது அதன் வேலையைக் குறைக்காது. வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் மட்டும் மேலதிகப் பாதுகாப்பு வேண்டும்.

வேறு மருந்துகளில் முக்கியமானவை சில. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு அதன் வீரியம் கூடலாம், இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையை முந்திச் செய்ய வேண்டும். வலிப்புக்கு எடுக்கும் கார்பமசெப்பீன், பெனிட்டோயின், பீனோபார்பிட்டோன் மூன்றும் டொக்ஸிசைக்கிளினைச் சீக்கிரம் உடம்பிலிருந்து வெளியேற்றிவிடும். பருவுக்கு எடுக்கும் ஐசோட்ரெட்டினொயினும் இதுவும் ஒருபோதும் சேரக்கூடாது, விட்டமின் ஏ குளிசையும் அப்படித்தான். அவையும் டொக்ஸிசைக்கிளினும் தனித்தனியாகவே மூளையைச் சுற்றிய அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை, சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்த அழுத்தம் அரிதாக டொக்ஸிசைக்கிளினால் மட்டுமே கூடும், அதன் அடையாளம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: பனடோலுக்கு அடங்காத புதுத் தலையிடி, குனிந்தால் கூடுவது, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது, காதுக்குள் நாடித் துடிப்புக் கேட்பது. அப்படி வந்தால் கப்சூலை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியரிடம் போங்கள், பார்வை போய்விடக்கூடிய விஷயம் அது. விழுங்கும்போது நெஞ்சு வலித்தாலும், தண்ணீர்போல வயிற்றோட்டம் நிற்காமல் போனாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், கண் மஞ்சளானாலும், காய்ச்சலோடு தோலில் தடிப்பும் வாயில் புண்ணும் வந்தாலும் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். உதடு, நாக்கு வீங்கி மூச்சு முட்டினால் யோசிக்காமல் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லேசான குமட்டலும் பெண்களுக்கு வரும் பூஞ்சை அரிப்பும் இந்த வகையில் சேராது. அவற்றுக்கு வழி உண்டு, மருந்தை விட வேண்டியதில்லை.

ஒரு நாள் மறந்தால், அன்றைக்கே நினைவு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். அடுத்த நாள்தான் நினைவு வந்தால் அன்றைய ஒன்று மட்டும். இரண்டைச் சேர்த்துப் போடுவதால் முகம் சீக்கிரம் தெளியாது, வயிறுதான் குமட்டும்.

முகம் தெளிந்ததும் நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். முதல் இரண்டு கிழமையில் பெரிதாக எதுவும் தெரியாது, நான்கு முதல் ஆறு கிழமையில் பருக்கள் குறைவது தெரிய வேண்டும். மூன்றாம் கிழமை நன்றாக இருக்கிறதென்று நிறுத்தினால் பலருக்குச் சீக்கிரமே திரும்பி வரும், அதனால் சொன்ன ஆறு கிழமையை முடியுங்கள். ஆறாம் கிழமை வைத்தியர் பார்த்துவிட்டு இன்னும் சில கிழமை நீட்டலாம், அளவைக் குறைக்கலாம், அல்லது மெட்ரோனிடசோல், அசலேயிக் அசிட், ஐவர்மெக்டின் போன்ற பூச்சு மருந்துக்கு மாற்றலாம். ரொசேசியா அடியோடு மாறிப்போகிற நோயில்லை, அதை அடக்கி வைப்பதுதான் வைத்தியம். அடக்கி வைப்பதற்கு வருடக்கணக்கில் அன்டிபயோட்டிக் தேவையில்லை, பூச்சு மருந்தே பெரும்பாலும் போதும். ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: நிலையாகத் தங்கிவிட்ட சிவப்பையும் மெல்லிய இரத்தக் குழாய்க் கோடுகளையும் இந்தக் கப்சூல் போக்காது. அதற்கு லேசர் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. கையில் காசு இறுக்கமாக இருந்தால் மறுபடி சனல் பண்ணத்தான் வேண்டும் என்றில்லை, தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் இலவசமாகக் காட்டலாம். அங்கே போகும்போது தனியாரிடம் எழுதிய சிட்டையையும் கப்சூல் அட்டையையும் கொண்டு போங்கள்.

கடைசியாக, கொழும்பில் இருக்கிறவருக்கு மட்டும் ஒன்று. இந்த ஆறு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் "நான்தான் ஏற்கெனவே அன்டிபயோட்டிக் எடுக்கிறேனே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். டெங்கு வைரஸ், டொக்ஸிசைக்கிளின் அதைத் தொடாது. வழமைபோலவே பனடோல் மட்டும் எடுத்து, இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிக் குளிசைகளைத் தவிர்த்து, காய்ச்சல் நீடித்தால் மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பார்க்கிற டொக்டரிடம் டொக்ஸிசைக்கிளின் எடுப்பதையும், எத்தனை நாளாக எடுக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.